நான்காம் பாட்டில் உப்பு

அந்த இசைத்தொகுப்பு உருவானது இலங்கை மலையகத்துக் கொட்டகலை பஜாரில், கைப்பேசி பழுதுபார்க்கும் கடையொன்றில். பாடியவன் எங்கள் தேயிலைத் தோட்டத்து இளைஞன், ராப் பாடகன். போன மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். அவன் மேடையேறியது ஒரே தடவை, தோட்டத்துக் கோயில் திருவிழாவில். ஒலிபெருக்கிக்காரர் அதைப் பதிவுசெய்து வைத்திருந்தார். அதை இணையத்தில் வெளியிட முன்வந்த கடைக்காரன், அவனுடைய கூட்டாளி. அறிமுகக் குறிப்பு எழுத என்னைக் கூப்பிட்டிருந்தான்.

ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் திருவிழாவில் தோட்டத் தலைவரின் கையில் தனி மைக் ஒன்று எப்போதும் இருக்கும். யார் பாடினாலும், சாமியே வந்து ஆடினாலும், அறிவிப்பு என்றால் அவர் பேசிவிடுவார். ஆகவே எல்லாப் பாட்டிலும் அவர் இருந்தார். வழியில் நிற்கும் ஆட்டோவை எடுக்கச் சொன்னார். தொலைந்த செருப்பின் நிறம் சொன்னார். கடைக்காரன் பொறுமையாக உட்கார்ந்து அவரை வெட்டியிருந்தான்.

செய்தி எட்டியதும் தலைவரே கடைக்கு வந்தார்.

“வெட்டுனது சரிதான் தம்பி. அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. உலகம் பூரா போகுதுங்கிறாங்க. திரும்பப் பேசித் தந்திர்றேன்.”

“செத்தவன் கச்சேரியில நீங்க இப்ப உசிரோட வந்து பேசுனா நல்லாவா இருக்கும், தலைவரே?” என்றான் கடைக்காரன்.

“அன்னைக்கும் உசிரோடதானே பேசுனேன்?”

அந்நேரம் பாடகனின் அம்மா உள்ளே வந்தார். கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு பஸ் ஏறியிருந்தார். மகனின் கச்சேரியை அவர் கேட்டதில்லை. அன்று அன்னதானக் கொட்டகையில் சமையல், பக்கத்திலேயே ஜெனரேட்டர். கடைக்காரன் அவர் காதில் ஹெட்போனை மாட்டினான். நான்காம் பாட்டு முடிந்ததும் கழற்றினார்.

“உப்பு எங்க?”

“எந்த உப்பும்மா?” என்றான் கடைக்காரன்.

“நான் உப்பு கேட்டு ஆளனுப்புனேன். தலைவரு மைக்குல சொன்னாராம். எம் மகன் பாட்டாவே பதில் சொன்னானாம். தோட்டமே சொல்லிச் சிரிச்சிச்சு. நான் மட்டும் கேக்கல. அது வேணும்.”

“அத வச்சா தலைவரும் வருவாரும்மா.”

“வரட்டும். அவரு இல்லாட்டி எம் மகன் யாருக்குப் பதில் சொல்றான்?”

தலைவர் செருமினார். “அப்ப புதுசா ஒரு தடவை…”

“பழசே போதுங்க,” என்றார் அம்மா.

வெளியீடு கோயில் முன்னால் நடந்தது, அதே ஒலிபெருக்கி. நான்காம் பாட்டின் நடுவில் கட்டிய தொண்டை ஒன்று கரகரத்தது: “அன்னதானக் கொட்டகையில உப்பு முடிஞ்சிருச்சு! யாராவது ஒடனே கொண்டாங்க!” தாளம் நிற்கவில்லை. அவன் அதன்மேலேயே பாடினான்:

“எங்கம்மா தனியா நிக்குது அடுப்புகிட்ட,
ஒரு புடி உப்பில்லையா ஒங்ககிட்ட?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். தலைவர் எல்லோரையும் திரும்பிப் பார்த்தார், பாராட்டை எதிர்பார்த்தவர் போல.

ஐந்தாம் பாட்டு தொடங்கியபோது மேல் லயத்து வீட்டு வரிசையிலிருந்து ஒரு பெண் மூச்சிரைக்க இறங்கி வந்தாள். கையில் உப்புப் பாக்கெட். அன்றும் ஏதோ அன்னதானம் என்று நினைத்துவிட்டாள்.

“எந்தக் கொட்டகைக்குங்க?”

அம்மா எழுந்துபோய் வாங்கிக்கொண்டார்.

“அன்னைக்குக் கடைசி வரைக்கும் ஒருத்தரும் கொண்டாரல,” என்று தலைவரிடம் சொல்லிவிட்டு, பாக்கெட்டை மடியில் வைத்தபடி மிச்சப் பாட்டுகளைக் கேட்டார்.