திருநீறு பூசிய டிரெய்லர்

"இந்த வருஷமாவது கெளம்புவோமா, இல்ல இதையும் தேய்ச்சே முடிச்சுடுவீங்களா?" என்று கேட்டேன். ஜூன் மாதத் தொடக்கம். ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டு வாசலில், வேன் நிறுத்தும் இடத்தில், என் கணவர் ஏணிமேல் நின்று அந்த அலுமினிய டிரெய்லரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்தில் என் கேள்வி அவர் காதில் விழவில்லை. விழாத மாதிரி இருந்தார் என்றும் சொல்லலாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. எங்களுக்கு ஒரே பெண். செஜெப் படிப்பை, அதாவது யூனிவர்சிட்டிக்கு முந்தின படிப்பை, முடித்துவிட்டாள். ஆகஸ்ட் கடைசியில் வான்கூவருக்குப் படிக்கப் போகிறாள். இங்கே மாண்ட்ரியலில் விடியும்போது அங்கே நடு ராத்திரி, அவ்வளவு தூரம். அவள் போவதற்கு முன்னால் மூன்று பேருமாக ஒரு தடவை கஸ்பே வரைக்கும் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வர வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. நான் வேலை பார்த்த கார்தெரியை, அதுதான் குழந்தைகள் காப்பகத்தை, ஜூலை கடைசியில் இரண்டு வாரம் மூடுவார்கள். அவருடைய தொழிற்சாலைக்கும் அப்போதுதான் லீவு. அதை விட்டால் வேறு நாளே இல்லை. மூவரும் சேர்ந்து போகிற கடைசிப் பயணம் இதுதான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் மட்டும் மனசுக்குள் தினமும் சொல்லிக்கொண்டேன்.

டிரெய்லர் வந்து அது மூன்றாவது கோடை. ஓக்கா பக்கம் ஆப்பிள் பறிக்கப் போய்விட்டுத் திரும்பும்போது, ஒரு பண்ணை வீட்டுக் கொல்லையில், இடுப்பளவு புல்லுக்கு நடுவே அதைப் பார்த்தோம். நாங்கள் பிறந்த காலத்தில் செய்த வண்டி. வேனுக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற குட்டி வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, மேசை எல்லாம் உண்டு. வெளியே முழுக்க அலுமினியத் தகடு, வரிசை வரிசையாக ரிவெட் ஆணி அடித்து வளைத்தது. என் கணவர் விமானப் பாகங்கள் செய்கிற இடத்தில் இன்ஜினியர். அலுமினியத்தைக் கண்டால் கை வைக்காமல் நகர மாட்டார். இறங்கிப் போய்த் தட்டிப் பார்த்தார். "உள்ள எலி குடும்பம் நடத்தியிருக்கு. ஆனா தகடு அப்படியே இருக்கு" என்றார். பண்ணைக்காரர் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருந்தார். அடுத்த வாரமே அது எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது.

உள்பக்கம் என் பொறுப்பு. எலி நாற்றம் போகக் கழுவி, மெத்தையை மாற்றி, பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை தைத்து, ஒரே மாதத்தில் முடித்துவிட்டேன். வெளிப்பக்கம் அவர் பொறுப்பு. அதுதான் மூன்று வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

முதல் கோடை முழுக்க உரித்தார். தகட்டின் மேல் வார்னிஷ் போல ஒன்றைப் பூசி அனுப்பியிருந்தார்கள். அது வெயிலில் வெந்து, வெங்காயச் சருகாகச் செதில் செதிலாக நின்றது. அதை முழுக்க எடுக்காமல் பாலிஷ் பிடிக்காது என்றார். மருந்தைத் தடவுவது, காத்திருப்பது, கழுவுவது, மறுபடி தடவுவது. முடிப்பதற்குள் மேப்பிள் இலை சிவந்துவிட்டது. டிரெய்லரைத் தார்ப்பாயால் மூடினோம், அதன்மேல் பனி மூடியது.

இரண்டாம் கோடையில் தேய்க்க ஆரம்பித்தார். கம்பளி வட்டு மாட்டிய மெஷினால் பசையைத் தடவித் தேய்த்தால், முதலில் கன்னங்கரேலென்று ஒரு மை கிளம்பும். அதைத் துடைத்தால் அடியில் முகம் தெரியும். சொரசொரப்பான பசையால் ஒரு முறை, நைசான பசையால் ஒரு முறை, அதைவிட நைசான பசையால் இன்னொரு முறை. அவர் கை, கழுத்து, காது மடல் எல்லாம் கறுப்பு. ரிவெட்டைச் சுற்றித் தங்குகிற கறுப்பை எடுக்க மைதா நல்லது என்று இண்டர்நெட்டில் யாரோ எழுதியிருந்தார்களாம். என் மைதா டப்பா காலி. பரோட்டாவுக்கு வாங்கி வைத்தது என்று கத்தினால், "நல்ல வேலைக்குத்தானே போச்சு" என்கிறார்.

அந்தக் கோடை முடிகிறபோது தெருவைப் பார்த்த பக்கம் பளபளத்தது. எதிர்வீட்டில் தனியாக இருந்த கியூபெக் அம்மாள் ஒரு சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்தார். டிரெய்லரில் பட்டுத் திரும்புகிற வெயில் நேராகத் தன் சோபாவில் விழுகிறது, டிவி பார்க்க முடியவில்லை என்று பிரெஞ்சில் முறையிட்டார். என் கணவர் மன்னிப்புக் கேட்டார். முகத்தில் மட்டும் விருது வாங்கிய களை. அந்த வருஷமும் நாங்கள் எங்கேயும் போகவில்லை.

கேட்டால் காரணம் தயாராக இருக்கும். பாலிஷ் போட்ட அலுமினியம் பச்சைக் குழந்தையாம், காற்றுப் பட்டாலே மங்குமாம். மேலே மெழுகு பூசிக் காப்பாற்றாமல் ரோட்டில் இறக்கினால் கல்லும் மழையும் பாழ் பண்ணிவிடுமாம். அதிலும் கடலோரத்து உப்புக் காற்று! மெழுகு போதுமா, மறுபடி வார்னிஷே அடித்துவிடலாமா என்று முடிவு செய்ய அவருக்கு ஒரு முழுக் குளிர்காலம் வேண்டியிருந்தது. பாத்திரம் தேய்ப்பது சமைக்கத்தானே? சமைக்காமல் தேய்த்துக்கொண்டே இருக்கிற மனுஷனை என்ன செய்வது? நான் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரிப்பேன், எங்கே தங்குவது என்று பார்ப்பேன், மடிப்பேன், அடுப்பைக் கவனித்துவிட்டு வந்து மறுபடி விரிப்பேன். "அம்மா, ப்ளீஸ், கொஞ்ச நேரம் உக்காரேன்" என்பாள் மகள்.

ஒரு வழியாக ஜூலையும் வந்தது. பக்கங்களும் பின்புறமும் மெழுகு போட்டு முடிந்தன. முன்பக்கம்தான் பாக்கி. ரோட்டில் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிற முகம் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்திருந்தார். சனிக்கிழமை கிளம்புவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசிப் பாலிஷ் முடிந்தது. அதில் பார்த்து வகிடு எடுக்கலாம், அவ்வளவு தெளிவு. மெழுகை விடியற்காலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது பூசிவிட்டுப் புறப்படலாம் என்றார்.

"வண்டிக்குப் பூஜை போட வேணாமா?" என்று அடுத்துக் கேட்டதும் அவர்தான். சாமி படத்துக்குப் பூ வைத்தாலே என்னைக் கேலி செய்கிறவர். "முதல் தடவ ரோட்ல எறங்குது. ஒரு எலுமிச்சம்பழமாவது வெக்கணும்" என்றார்.

லாசாலில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் கடைக்குப் போனேன். எலுமிச்சம்பழம், தேங்காய், பூசணிக்காய் என்று நான் கேட்டதுமே கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"என்னக்கா, புது வாகனமோ?"

"பழசுதாங்க. வேனுக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற வீடு. கடல் பாக்கப் போறோம்."

"வீட்டையும் இழுத்துக்கொண்டு போறியளோ? நாங்கள் விட்டுட்டெல்லோ வந்தனாங்கள்" என்று சிரித்தார். எனக்குச் சட்டென்று சிரிக்க வரவில்லை. "சரி, போயிட்டு வாங்கோ. பேந்து வந்து கடல் எப்பிடியெண்டு சொல்லுங்கோ" என்று பையை நீட்டினார்.

சாயங்காலம் சூடம் காட்டினோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். பூசணிக்காயை மகள் போட்டு உடைத்தாள். எதிர்வீட்டு அம்மாள் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் திருநீற்றைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மூன்று விரலால், டிரெய்லரின் நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பட்டையாக இழுத்தார். நடுவில் சந்தனம் வைத்தார், அதன்மேல் குங்குமம். தள்ளி நின்று பார்த்து, "அம்சமா இருக்கு" என்றார். இருட்டும்போது தூறல் பிடித்தது. நல்ல சகுனம் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தோம்.

காலையில் மெழுகு டப்பாவோடு போனவர் வெகு நேரமாகியும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். திருநீற்றையும் குங்குமத்தையும் துடைத்துவிட்டார், ஆனால் பட்டை போகவில்லை. மூன்று கோடும் நடுவில் வட்டமும் வெளுத்துப்போய்த் தகட்டுக்குள்ளேயே இறங்கியிருந்தன. சாம்பல் ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தை அரிக்குமாம். குங்குமத்திலும் சுண்ணாம்பு உண்டாம், அதுவும் அரிக்குமாம். இதெல்லாம் எனக்குத் தெரியாது, அவர்தான் விளக்கினார். நாள் முழுக்க அலுமினியத்தோடு வேலை பார்க்கிறவர், சாமி கும்பிடும்போது மட்டும் அந்த மூளையைச் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டார். வேறு நாளாயிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"முன்பக்கம் பூரா மறுபடி எடுக்கணும். சொரசொரப்புப் பசைலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"எத்தன நாளாகும்?"

"ஒரு வாரம், பத்து நாள்."

"லீவே ரெண்டு வாரம்தாங்க."

"அதுக்கப்புறம் போலாமே."

"எதுக்கப்புறம்? அவ போனதுக்கப்புறமா?"

மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். "பரவாயில்லம்மா. நான் காபிக் கடைல ஷிஃப்ட் கேட்டுக்கறேன்" என்றாள். கோபமில்லை, அழுகையில்லை. இது இப்படித்தான் முடியும் என்று முன்பே தெரிந்தவள் போல உள்ளே போனாள். அவள் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்தப் 'பரவாயில்ல'வைத்தான் தாங்க முடியவில்லை.

"ஏங்க, நெஜத்தச் சொல்லுங்க. உங்களுக்குப் போகவே இஷ்டமில்லையா?"

மெஷினில் கம்பளி வட்டை மாட்டிக்கொண்டிருந்த கை நின்றது. என்னைப் பார்க்காமல் தகட்டைப் பார்த்துச் சொன்னார். "போயிட்டு வந்தா அவ பெட்டி கட்ட ஆரம்பிச்சுடுவா."

எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் கோபம்தான் வந்தது. அதே பயத்தை நானும்தானே சுமந்துகொண்டிருக்கிறேன், நான் என்ன வாசலில் நின்று தகட்டைத் தேய்த்துக்கொண்டா இருக்கிறேன்? "நாம போகாட்டியும் அவ கட்டுவா. நீங்க தேய்ச்சுட்டிருக்கீங்கன்னு ஏரோப்ளேன் நிக்காது" என்றேன். குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவர் வட்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மெழுகு டப்பாவைத் திறந்தார். துணியில் எடுத்து, அந்தப் பட்டையின் மேலேயே பூச ஆரம்பித்தார்.

"இப்படியே பூசிட்டா கறை அப்படியே நின்னுடும்" என்றார்.

"நிக்கட்டும்" என்றேன். மகளைக் கூப்பிட உள்ளே ஓடினேன். மத்தியானத்துக்குள் கிளம்பிவிட்டோம்.

கியூபெக் நகரத்தைத் தாண்டினால், ரோட்டை ஒட்டி வருகிற ஆறு அகலமாகிக்கொண்டே போகும். அக்கரை மங்கி, ஒரு இடத்தில் காணாமலே போய்விடும். எனக்கு அப்போதும் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. பெட்ரோல் போட நிறுத்தினால் "கெளம்பலாம் கெளம்பலாம்" என்றேன். இரவு தங்கிய இடத்தில் விடியும் முன்பே அடுப்பை மூட்டி எல்லோரையும் எழுப்பினேன். ஒரு முகாமில் பக்கத்துக் கூடாரத்து மனிதர் டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்து ரசித்துவிட்டு, முன்னால் இருக்கிற மூன்று கோடு எந்தப் பந்தய அணியின் அடையாளம் என்று கேட்டார். "சிவன் டீம்" என்று மகள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு காலமாகியிருந்தது.

கஸ்பேயில் கடல் ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. காலை வைத்தால் எலும்பு வலிக்கிற குளிர். பாதி நாள் மழை, மீதி நாள் கொசு. அப்பாவும் பெண்ணும் காலையில் எழுந்து கரையோரமாக வெகு தூரம் நடந்துவிட்டு, பை நிறையக் கல்லோடு திரும்புவார்கள். ஒரு நாளும் அவர் துணியைக் கையில் எடுக்கவில்லை. உப்புக் காற்று அடித்து அடித்து டிரெய்லர் முழுக்க மூச்சுப் பட்ட கண்ணாடியாக மங்கியது. அவர் அதை ஏறிட்டுப் பார்க்கக்கூட இல்லை. நான் சுங்குடித் திரையை ஒதுக்கிவிட்டு, அவர்கள் இரண்டு பேரும் தண்ணீர் ஓரத்தில் குனிந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் கேட்ட கடல் கிடைத்துவிட்டது. ஆனாலும் நாட்களை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

திரும்புகிற நாளும் வந்தது. டிரெய்லரை வேனில் மாட்டியாகிவிட்டது. மகள் தலையணையோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வான்கூவரில் எப்போதும் மழையாம், நல்ல கோட் ஒன்று வாங்க வேண்டும், பெரிய பெட்டியும் வாங்க வேண்டும் என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் சாவியைத் திருப்பினார்.

"இருங்க" என்று சொல்லிவிட்டு நான் இறங்கினேன். "இவ்ளோ உப்போட எப்படி ரோட்ல போறது? தகடு என்னத்துக்காகும்? ஒரு தடவ கழுவி, மெழுகு போட்டுட்டுப் போலாம்."

அவர் ஜன்னல் வழியாக என்னையே பார்த்தார். கேலி செய்யப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் எஞ்சினை நிறுத்திவிட்டு, இறங்கிப் போய் மெழுகு டப்பாவை எடுத்துவந்தார்.

மகள் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "அம்மா, நீயுமா?"

நான் பக்கெட்டை எடுத்துக்கொண்டு முகாமின் குழாயடிக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.