பிணத்துக்கு வழி விடாதவர்

சாலை விபத்தில் காவல் நிலையங்களுக்கு என்று ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. மோதிக்கொண்டவற்றில் எது பெரிய வண்டியோ, அதை ஓட்டியவர் மேல் வழக்கு. லாரியும் பைக்கும் என்றால் லாரி. பைக்கும் சைக்கிளும் என்றால் பைக். சைக்கிளும் ஆளும் என்றால் சைக்கிள். யார் எந்தப் பக்கம் வந்தார்கள் என்பதெல்லாம் பிறகு வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள். விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடக்கும் நீதிமன்றத்தில் எழுத்தராகச் சேர்ந்து, சிரஸ்தார் என்னும் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான். இந்தச் சட்டம் ஒரே ஒரு வண்டியிடம் மட்டும் தோற்றுப்போவதைப் பார்த்திருக்கிறேன். அது ஆம்புலன்ஸ். அது மோதினால், அடிபட்டவன் ஏன் அங்கே வந்தான் என்றுதான் கேட்பார்கள்.

அந்தக் கேள்வி எனக்குத் தெரிந்த ஒருவர் மேல் விழுந்தபோது, மோதிய ஆம்புலன்ஸுக்குள் நானும் இருந்தேன்.

என் மனைவியின் அண்ணனுக்குப் புளியங்குடி சாலையில் ஒரு கிராமம். நிலபுலன் உள்ளவர், பஞ்சாயத்தில் அவர் சொன்னால் எதிர்ப்பேச்சு இருக்காது. திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் கிடந்தார். ஒருநாள் காலையில் டாக்டர், “இனி இங்கே வைத்திருந்து பயனில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள்” என்றார். இதற்கு எங்கள் பக்கத்தில் பொருள் ஒன்றுதான். உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெளியே பிரிந்த உயிரின் உடலை அந்த ஊரில் வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள். வாசலுக்கு வெளியே பந்தல் போட்டு, தெருவில் கிடத்தி, அப்படியே எடுத்துப் போய்விட வேண்டும். ஊருக்குப் பெரியவராக இருந்தவர் தன் வாசற்படிக்கு வெளியே கிடப்பதா?

எனவே தனியார் ஆம்புலன்ஸ் ஒன்று வந்தது. ஓட்டுநருக்கு இந்தச் சவாரி புதிதல்ல. பார்த்ததுமே, “கடைசி மூச்சு வீட்லதான? கொண்டு சேத்துருவோம், ஏறுங்க” என்றார். நோயாளியோடு பின்னால் ஏறியவர்கள் மூவர்: ஆக்சிஜன் பார்க்கும் உதவியாளர், எனக்கு மருமகன் முறையாகும் மைத்துனரின் மகன், நான். பெண்கள் காரில் முன்னால் போய்விட்டார்கள், கட்டில் போட்டு வைக்க.

பனவடலிசத்திரம் தாண்டும்போது உதவியாளர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணிமையை விலக்கி டார்ச் அடித்தார். பிறகு மெதுவாக, “முடிஞ்சிட்டு” என்றார்.

“முடியல” என்றான் மருமகன். “மாஸ்க்க எடுக்காதீங்க.” முன்பக்கக் கண்ணாடியைத் தட்டி, “அண்ணே, சைரன நிறுத்தாம போங்க!”

நான் சொன்னேன். “மருமகனே, சைரனும் லைட்டும் உசுரக் காப்பாத்துததுக்குத்தான். இனிமே இந்த வண்டிக்கு அந்த உரிமை கிடையாது. அணைச்சிட்டு மெதுவாப் போச் சொல்லு.”

“மாமா, உங்க சட்டத்தக் கோர்ட்டோட வச்சிக்கிடுங்க. எங்கய்யா வீட்டுக்குப் போறாரு.”

உதவியாளர் என்னையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறந்தவருக்கு ஆக்சிஜன் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

நான் குடியிருக்கும் சங்கரன்கோவிலில் புளியங்குடிச் சாலை பிரியும் முக்கில் ஒரு டவுன் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் எங்கள் ஓட்டுநர் வலப்பக்கம் ஒடித்து ஏறினார். எதிரே ஒரு மொபெட், அதற்குரிய பக்கத்தில், அதற்குரிய வேகத்தில் வந்துகொண்டிருந்தது. புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை எடுத்து வந்து எங்கள் தெருக்களில் விற்பவர்தான் அதை ஓட்டி வந்தார். என் வீட்டுக்கும் அவர்தான் கொடுப்பார். முன்கண்ணாடி வழியே அவர் முகத்தைப் பார்த்தேன். ஒதுங்கத்தான் பார்த்தார். ஒதுங்க அங்கே சாக்கடையைத் தவிர இடமில்லை. இடித்த சத்தத்தைவிட, மூட்டை பிரிந்து எலுமிச்சம்பழங்கள் எங்கள் சக்கரத்தடியில் நசுங்கிய சத்தம்தான் எனக்கு நினைவிருக்கிறது.

“நிறுத்துங்க!” என்று நான் கத்தினேன். “நிறுத்தாதீங்க!” என்று மருமகன் கத்தினான். வெளியே நின்ற ஜனமும் மருமகன் பக்கம்தான். “உள்ள சீரியஸா ஆளு கெடக்கு, நீ போ, நாங்க பாத்துக்கிடுதோம்” என்று ஒருவர் கைகாட்டி அனுப்பினார். நல்ல மனிதர். அன்று அந்த முக்கில் ஆம்புலன்ஸ் தேவைப்பட்ட ஒரே ஆளை லோடு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

கிராமத்தில் மைத்துனரைக் கட்டிலில் கிடத்தி, வாயில் பால் விட்டு, பிறகுதான் மாஸ்க்கை எடுத்தார்கள். அப்போதுதான் அழுகை தொடங்கியது. பால் இறங்கும்போது தொண்டைக்குழி அசைந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக ஒரு பெண் எல்லாரிடமும் சொன்னாள். வீட்டில் நடந்த சாவுக்கு வீட்டார் சொல்வதுதான் நேரம். பதிவேட்டிலும் அப்படியே ஏறிற்று. என்னைத்தான் எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள், எல்லா முறையும் தெரிந்தவன் என்பதால். மாட்டேன் என்றேன். வேறு யாரோ எழுதினார்கள்.

எலுமிச்சைக்காரருக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் மயக்கத்தில் கிடந்தபோதே ஆம்புலன்ஸ் ஓட்டுநர் காவல் நிலையத்துக்குப் போய் முதல் ஆளாகப் புகார் கொடுத்திருந்தார். அவசர ஊர்திக்கு வழி விடவில்லை, கவனக்குறைவாக எதிரே வந்தார் என்று. வழக்கு கால் இழந்தவர் மேல் பதிவாயிற்று. விஷயம் அபராதத்தோடு முடியாது. குற்றவாளி என்று காவல்துறையே எழுதிவிட்டால், நாளைக்கு இழப்பீடு கேட்கப் போகும்போது இன்சூரன்ஸ் வக்கீல் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவார். காலும் போய், பிழைப்பும் போய், தப்பும் உன்னுடையதே என்று ஆகும்.

சட்டம் எலுமிச்சைக்காரர் பக்கம்தான். சைரன் ஊதும் வண்டிக்கு எல்லாரும் ஒதுங்க வேண்டும், உண்மை. அந்த வண்டி எதிர்ப்பக்கம்கூட ஏறலாம், அதுவும் உண்மை. ஆனால் உயிர் காக்கும் அவசரத்தில் மட்டும். அப்போதும் உரிய கவனத்தோடு மட்டும். இந்த இரண்டு ‘மட்டும்’களை நாட்டில் யாரும் படித்ததில்லை.

நான் காவல் நிலையத்துக்குப் போனேன். இளம் சப்-இன்ஸ்பெக்டர். புதிதாக வந்த குற்றவியல் சட்டத்தின் பிரிவு எண்கள் அவர் வாயில் இன்னும் ஏறவில்லை. பழைய எண்ணைச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொண்டார். கவனம் என்பதைப் பற்றி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

“சார், உள்ள ஒரு உயிர் துடிச்சிட்டு இருக்கும்போது டிரைவர் கவனம், நிதானம்லாம் பாக்க முடியுமா? அந்த ஆளு ஹெல்மெட் போட்டிருந்தாரா?”

“அடிபட்டது கால்ல.”

“இல்ல, ஒரு ரூல்ஸ மதிக்காதவர் இன்னொரு ரூல்ஸ மதிச்சிருப்பாரான்னு கேக்கேன்.”

துடித்துக்கொண்டிருந்த உயிர் என்பதை உடைக்காமல் இந்த வழக்கு திரும்பாது என்று அப்போதே தெரிந்தது. தீர்ப்பாயத்தில் சில வருஷம் கழித்து வெல்லலாம்தான். அதுவரை அவர் எதைத் தின்பார்? வாக்குமூலம் கொடுக்க மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

“எங்கண்ணன் வீட்டுல போயித்தான் கண்ண மூடுனான். ஊரே பாத்துச்சு.”

“நான் பக்கத்துல இருந்தேன்.”

“இருந்தீக. இப்ப என்ன, செத்தவன மறுபடியும் ரோட்டுல வச்சு சாவடிக்கப் போறீகளா?”

“அந்த ஆளுக்குக் கால் போயிட்டு.”

“காலு போனா மரக்காலு வைக்கலாம். எங்கண்ணனுக்கு இந்தப் பேரு போனா எதக்கொண்டு வைப்பீக?”



நிலையத்துக்குப் போகும் முன் எலுமிச்சைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதுதான் முறை என்று தோன்றியது. பாயில் தலையணையை அண்டக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

“வாங்க அண்ணாச்சி. உங்க மச்சான் நல்லபடியா வீடு போயிச் சேந்துட்டாகளாமே. கேள்விப்பட்டேன். பாலு குடிச்சிட்டுத்தான் போனாகளாம்லா?”

நான் பாயோரம் உட்கார்ந்தேன்.

“இவ கெடந்து கத்துதா, கேஸு கேஸுன்னு.” சமையல் பக்கம் நின்ற மனைவியைக் காட்டினார். “நான் சொன்னேன், ஏட்டி, ஒரு மனுசன் உசுரோட வீடு போயிச் சேர என் காலு போயிருக்கு. கோயில்ல வேண்டிக்கிட்டு வெள்ளியில காலு வாங்கிப் போடுதாகள்லா? நான் நெசக் காலையே போட்டுட்டேன். கணக்குத் தீந்துட்டுன்னு வச்சிக்கோன்னேன்.” சிரித்தார்.

வழக்கில் ஜெயிக்க வேண்டுமானால் இந்தச் சிரிப்பைத்தான் முதலில் பறிக்க வேண்டும். அவர் கேட்காமலே நான் சொன்னேன்.

“உசுரு பனவடலிசத்திரத்துலயே போயிட்டு.”

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. அந்தப் பாதையில் தினமும் போகிறவர்தான். எங்கே பனவடலிசத்திரம், எங்கே அந்த முக்கு என்று மனதுக்குள் வண்டி ஓட்டிப் பார்த்திருப்பார்.

“அப்ப நம்ம முக்குக்கு வரும்போது?”

“வெறும் உடம்பு.”

“சைரன் ஊதிச்சே அண்ணாச்சி.”

“ஊதிச்சு.”

சமையல் பக்கமிருந்து அவர் மனைவி, “கேட்டீகளா? கேட்டீகளா?” என்றாள். அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. என்னிடம், “இத எதுக்கு வந்து சொன்னீக?” என்றார்.

“கேஸுக்கு வேணும்.”

“கேஸுக்கு” என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாக்குமூலம் கொடுத்தேன். சப்-இன்ஸ்பெக்டர் உதவியாளரை அழைத்துக் கேட்டார். அவர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லையாம். பிணத்துக்கு அவசரம் கிடையாது என்பதை மட்டும் காவல் நிலையம் உடனே ஒப்புக்கொண்டது. புகார் பொய் என்று முடிக்கப்பட்டு, வழக்கு ஓட்டுநர் மேல் திரும்பிற்று. இழப்பீட்டு மனு இப்போது வாய்தாவில் இருக்கிறது. நான் வேலை பார்த்த அதே அறையில்தான். கிடைக்கும். வழக்குகளின் போக்கு எனக்குத் தெரியும்.

கிராமத்தில் வீட்டைக் கழுவி, பூசாரியை அழைத்துத் தீட்டுக் கழித்தார்களாம். அந்தச் சடங்குக்கு எனக்கு அழைப்பு இல்லை. மனைவி தனியாகப் போய்வந்தாள். இப்போதும் மூன்று வேளையும் சோறு போடுகிறாள். முறையில் குறை வைப்பதில்லை. பேச்சுதான் குறைந்துவிட்டது.

எலுமிச்சைக்காரர் அதே முக்கில் ஒரு ஸ்டூல் போட்டுக் கூடை வைத்திருக்கிறார். ஊன்றுகோல் மடியில் கிடக்கும். நான் போய் நின்றால், “பழம் நல்லால்ல, அங்கன வாங்கிக்கிடுங்க” என்று அடுத்த கடையைக் காட்டுவார். கூடையில் பழம் தங்கமாக இருக்கும்.

ஆம்புலன்ஸ் வரும்போதுதான் அவரைப் பார்க்க வேண்டும். ரோடே ஒதுங்கி வழி விடும். இவர் ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டிக்கொண்டு கத்துவார்: “ஏலே, உள்ள உசுரு இருக்கா, பொணமா? பாத்துட்டு வழி விடுங்கலே!” முதலில் கடைக்காரர்கள் சங்கடப்பட்டார்கள். பிறகு சிரித்தார்கள். இப்போது அவர் கத்தாவிட்டால், “என்னவே, இன்னைக்குக் கேக்கலியா?” என்று அவர்களே எடுத்துக்கொடுக்கிறார்கள்.

போன வாரம் நான் அங்கே நின்றிருந்தேன். திருநெல்வேலி நோக்கி ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. அவர் கத்தினார். முன்னால் பைக்கில் போய்க்கொண்டிருந்த ஒருவர் ஒதுங்கவில்லை. வேகத்தைக் குறைத்து, ஆம்புலன்ஸைத் தன்னருகே வரவிட்டு, அதன் பக்க ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். ஓட்டுநர் ஹாரனை விடாமல் அழுத்தினார். நானும் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே ஒருவர் படுத்திருந்தார். மாஸ்க் போட்டிருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.