பஞ்சவர்ணத்துக்குக் கிடைத்த நாலாம் வகுப்பு

கண்டனூரை ஒட்டிய எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் இரண்டே பேர். நாலாம், ஐந்தாம் வகுப்புகள் ஹெட்மாஸ்டருக்கு; மற்ற மூன்றும் என் அம்மாவுக்கு. பிள்ளைகள் குறைந்தால் ஒருவரே போதும் என்று மேலே உள்ளவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். அந்த ஒருவர் நிச்சயம் அம்மாவாக இருக்க மாட்டாள். அப்பாவுக்கு வேலை போயிருந்த வருஷம் அது. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதுமே எங்கள் வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. உலையில் அரிசி போட்டதையே மறந்து அம்மா மறுபடியும் அரிசி களைந்தாள்.

பதிவேட்டில் பெயர்களுக்குக் குறைவில்லை. பெயருக்குரிய பிள்ளைகள்தான் இல்லை. கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக்கு மராமத்து நடந்ததால், கொத்தனார், ஆசாரி குடும்பங்கள் பிள்ளைகுட்டியோடு அங்கே போய்த் தங்கிவிட்டன. என்னோடு மூன்றாம் வகுப்பில் இருந்த கொத்தனார் மகள் பஞ்சவர்ணமும் கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து, வருஷமெல்லாம் பூட்டிக் கிடக்கும் ஒரு செட்டியார் வீடு கல்யாணத்துக்காகத் திறந்தது. மெட்ராஸிலிருந்து வந்த பிள்ளைகள் வீடெங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அம்மா போய், கூனிக்குறுகி விஷயத்தைச் சொன்னாள்.

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க டீச்சர். பந்திக்கு முந்திக் கொண்டாந்து விட்டுருவீகல்ல?" என்றார் கல்யாண வீட்டு ஆச்சி.

ஆக, அந்தப் பிள்ளைகள் அரை நாளுக்குக் கொத்தனார் பிள்ளைகளாகவும் ஆசாரி பிள்ளைகளாகவும் ஆனார்கள். சங்கிலிகளைக் கழற்றி வைத்தாயிற்று. ஒருத்திக்கு என் பழைய பாவாடையை உடுத்தி, இனி நீ பஞ்சவர்ணம் என்று சொல்லி, என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பெயர் கூப்பிடும்போது அவள் விழித்தால் தொடையில் கிள்ளுவது என் பொறுப்பு. கூப்பிடாதபோதும் இரண்டு முறை கிள்ளிவைத்தேன்.

இன்ஸ்பெக்டர் தலைகளை எண்ணினார், சரியாக இருந்தது. அதோடு போயிருக்கலாம். புத்தகத்தை எடுத்து என் பக்கத்தில் இருந்தவளிடமே நீட்டினார். அவள் ஒரு பக்கத்தை மூச்சுவிடாமல் வாசித்தாள். கேட்காத வாய்ப்பாட்டையும் ஒப்பித்தாள். பதிவேட்டில் தகப்பனார் தொழிலைப் பார்த்த மனிதர் நெகிழ்ந்துபோனார். கொத்தனார் மகள் இப்படிப் படிக்கிறாளே என்று அம்மாவைப் பாராட்டி, இவளை உடனே நாலாம் வகுப்புக்கு மாற்ற வேண்டும் என்று தம் கையாலேயே எழுதிவிட்டுப் போனார். அம்மாவின் வேலை நிலைத்தது. அன்று எங்கள் வீட்டில் பாயசம்.

இரண்டு மாதம் கழித்து உண்மையான பஞ்சவர்ணம் வந்தாள். எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுகிறவள். ஆனால் இன்ஸ்பெக்டர் எழுதியதை மாற்ற ஹெட்மாஸ்டருக்குத் துணிச்சல் இல்லை. நாலாம் வகுப்பில், அவருடைய பிரம்புக்கு முன்னால், அவள் ஒன்றும் தெரியாமல் நின்றாள். சில நாள் பொறுத்துவிட்டு அம்மாவிடம் வந்தாள்.

"டீச்சர், நான் ஒங்ககிட்டயே இருந்துக்கிறேனே. என்னைய எதுக்கு அங்குட்டு அனுப்புனீக?"

அம்மா அவள் தலையைத் தடவினாள். மறுநாளிலிருந்து பஞ்சவர்ணம் பள்ளிக்கூடம் வரவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்பாள். அம்மாவைக் கண்டால் உள்ளே போய்விடுவாள்.

எனக்கு அவள்மேல் ஒரே பொறாமை. ஒரு எழுத்துப் படிக்காமல் மேல் வகுப்புக் கிடைத்திருக்கிறது, அதையும் வேண்டாம் என்கிறாளே, எல்லாம் கொழுப்பு என்று அம்மாவிடம் சொன்னேன். அதுவரை என்னை அடித்தறியாத அம்மா கன்னத்தில் அறைந்தாள். அறைந்த கையோடு அப்படியே உட்கார்ந்து அழுதாள். அடி வாங்கியவள் நான். இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.