பேச்சு நிற்கும்வரை மூடிய பேனா

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். உப்பளத்தில் மூட்டை சுமந்து, எட்டு லாரி வாங்கி, தூத்துக்குடியில் மூன்று மாடி கட்டியவன். கலெக்டர் ஆபீசிலேயே என்னை யாரும் வாயடைத்ததில்லை. அடைத்தவர் ஒருவர் உண்டு. சொந்த வீடு இல்லாதவர்களுக்கு அரசு கொடுக்கும் மானியத்துக்கு என் மகள் மனு போட்டிருந்தாள். மாப்பிள்ளையூரணியில் அவள் இருந்த வாடகை வீட்டைப் பார்க்க வந்த அதிகாரி அவர்.

ஒல்லியான ஆள், சட்டைப்பையில் மைக்கறை. யாராவது பேசினால் பேனாவை மூடிவிடுவார். பேச்சு நின்றால்தான் திறப்பார். அன்று நான் பேசியதில் அரைமணி நேரம் அது மூடியே இருந்தது.

என் மகள் வீடில்லாதவளாக நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, இவளுக்கா வீடு இல்ல? என் மூணு மாடியும் இவளுக்கும் சொந்தந்தான்" என்றேன்.

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க. மானியம் போயிரும்" என்றாள் மகள்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்படியா அண்ணாச்சி? இவுக பேர்ல எந்த மாடிய எழுதி வச்சிருக்கிய?"

மூன்றையும் மூன்று மகன்கள் பேரில் எழுதியிருந்தேன். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

அவர் பேனாவைத் திறந்து, 'சொந்த வீடு இல்லை' என்று எழுதினார்.

மானியம் வந்தது. மகள் பேரில் வீடும் எழும்பியது. அந்த மனிதர் அவளுக்கு உதவினாரா, என்னைக் குட்டினாரா என்று அவள் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் யோசிக்கிறேன்.