எந்த வரிசையிலும் இல்லாதவர்

இன்று காலைத் தபாலில், சோலோதுர்ன் நகரில் நான் முன்பு வேலை செய்த உதைபந்தாட்டக் கழகத்தின் ஆண்டுவிழா மலர் வந்தது. எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவது என் பழைய கெட்ட பழக்கம். அங்கே கழகத்தின் ஆட்டக்காரர்கள் அனைவரும் கோல் காப்பாளர், பின்களம், நடுக்களம், முன்களம் என்று பிரித்து அச்சிடப்பட்டிருந்தார்கள். இரண்டு முறை விரல் வைத்துத் தேடினேன். டெரெக் இல்லை. பயிற்றுநர் பட்டியலிலும் இல்லை; அது உயர்நிலைச் சான்றிதழ் பெற்றவர்களிலிருந்துதான் தொடங்குகிறது.

இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவுக் கழகங்கள் பலவற்றில் ஆடிவிட்டு இங்கு வந்தவர் அவர். நான் அப்போது கழகத்தின் சலவை அறையில் இருந்தேன். ஆசிரியையாக வேண்டியவள் சேறு படிந்த சட்டைகளின் எண்களை வாசித்துக்கொண்டிருந்தேன் என்றால் நீங்கள் சிரிக்கலாம், நானும் சிரித்ததுண்டு. மற்றவர்களின் சட்டையை எண்ணைக் கொண்டு அறிவேன். டெரெக்கின் எண் மட்டும் வாராவாரம் மாறும். வலப்புறம் காப்பவருக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு, முன்களத்தில் ஆளில்லை என்றால் ஒன்பது. கோல் காப்பாளரின் விரல் முறிந்த வாரம் அந்தப் பச்சைச் சட்டையும் அவருடையதாயிற்று. மூட்டுவலித் தைலத்தின் மணத்தைக் கொண்டே அவருடையதைப் பிரித்தெடுப்பேன்.

“உவர் கலியாண வீட்டுச் சித்தப்பா மாதிரி,” என்பார் உடன் வேலை செய்த ஜெயமக்கா. “எங்க ஆள் குறையுதோ அங்க ஓடிப்போய் நிப்பார். படத்தில மட்டும் இருக்கமாட்டார்.”

பின்னர் டெரெக்கே பயிற்றுநரானபோது, முதல் நாளிலேயே ஒரு விதி செய்தார். கழற்றிய சட்டையை நல்ல பக்கம் திருப்பி, சுருண்ட காலுறையை விரித்துத்தான் கூடையில் போட வேண்டும். மறந்தவருக்கு அடுத்த ஆட்டம் இல்லை. பிறருடைய ஈர வியர்வைக்குள் கைவிட்டு இழுக்கும் வேலை எங்களுக்கு அன்றோடு நின்றது. அவர் கழகத்தை மேற்பிரிவுக்கு ஏற்றினார். ஏறிய உடனே, சான்றிதழ் இல்லையென்று அவரை அனுப்பிவிட்டார்கள்.

இப்போது இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மலர் வந்ததும் அனுப்புகிறேன் என்று அவருக்கு எழுதியிருந்தேன். எதை அனுப்புவது? பூம்ப்ளிஸில் இருக்கும் ஜெயமக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“நான் அண்டைக்கே சொன்னனான். நீ சும்மா இராதை, போய்க் கேள்.”

கழக அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் இளைஞர், மிகப் பணிவாகவே பேசினார். டெரெக்கை எந்த வரிசையில் சேர்ப்பது என்று தெரியாததால் விட்டுவிட்டார்களாம். பதினோரு இடங்களிலும் ஆள் குறைந்தபோதெல்லாம் நின்ற ஒருவருக்கு, தாளில் நிற்க ஓர் இடம் இல்லையா என்று கேட்டேன். மலர் அச்சாகிவிட்டதே என்றார். அவருடைய மேசையிலேயே அமர்ந்து, என் பிரதியின் நான்கு வரிசைகளிலும், பயிற்றுநர் பட்டியலின் தலைப்பிலும் டெரெக்கின் பெயரை மையால் எழுதினேன். அவர் தடுக்கவில்லை. அந்தப் பணிவுதான் என்னை மேலும் சினங்கொள்ளச் செய்தது.

வெளியேறும்போது சலவை அறை திறந்திருந்தது. இப்போது ஒவ்வொரு சட்டையின் முதுகிலும் ஆட்டக்காரரின் பெயரை அச்சிடுகிறார்கள். கூடை நிறையச் சட்டைகள். அத்தனையும் உட்புறம் வெளியே தெரியக் கிடந்தன. ஒரு பெயரையும் வாசிக்க முடியவில்லை.