திரையில் வந்த அப்பா பெயர்

போன வாரம் அண்ணன் மகள் என்னைப் புதுப்படத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். காதலும் கலாட்டாவுமான படம். குளுகுளு அரங்கு, சாய்ந்துகொள்ள மெத்தை நாற்காலி, மடியில் வாளி அளவுக்குப் பாப்கார்ன். எல்லாம் சரிதான். நடுவில் ஒரு கணம் படம் நின்று திரை வெறும் வெள்ளையாகிவிட்டது. அவ்வளவுதான், அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் அத்தை, கை இப்படி ஜில்லுன்னு இருக்கு?" என்றாள். ஏசி என்று சொல்லிவிட்டேன். பொய். உங்களிடம் சொல்வதற்கு என்ன, அறுபது வருஷமாக வெள்ளைத் திரை என்றாலே எனக்குப் பயம்.

என் காலத்துத் தியேட்டருக்கு வேறு வாசனை. பெண்கள் பகுதியில் கசங்கிய கதம்பமும் குழந்தை மூத்திரமும் இடைவேளை முறுக்கும் கலந்து மணக்கும். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பீடிப் புகை வரும். ஆண்கள் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. எங்களில் யாரையாவது அவசரமாகக் கூப்பிட வேண்டுமென்றால் ஸ்லைடு ஒன்றுதான் வழி. கரி பூசிய கண்ணாடித் துண்டில் ஊசியால் கீறி, ரீல் மாற்றும் இடைவெளியில் திரையில் காட்டுவார்கள். இன்னார் உடனே வெளியே வரவும். யார் எழுந்திருக்கிறார்கள் என்று அத்தனை பேரும் கழுத்தைத் திருப்புவோம். ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த ரீலுக்குச் சிரிக்கத் தயாராகிவிடுவோம்.

கதம்பம் என்றதும் அம்மா நினைவு வருகிறது. அன்றைக்கும் என் தலையில் வைத்துவிட்டது அவள்தான். நாங்கள் ஸ்ரீரங்கத்தில் இருந்தோம். எனக்கு மலைக்கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை, சனிக்கிழமை அரை நாள். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் கிளார்க். சினிமா என்ற பேச்சே வீட்டில் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அம்மா தியேட்டர் வாசலை மிதித்ததில்லை. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அப்பாவிடம் ஆபீசில் வேலை என்று சொல்லி நான் மாட்டினி போவேன். திரும்பி வந்து, அப்பா வருவதற்குள், அடுப்படியில் முழுக் கதையையும் பாட்டோடு நடித்துக் காட்டுவேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அன்று காலை காபி கொடுக்கும்போது டம்ளர் அவள் கையிலிருந்து நழுவியது. இன்னொரு டம்ளர் எடுத்தாள், அதுவும் போயிற்று. வலது கையை உதறிக்கொண்டே, மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றாள். எனக்குத் திக்கென்றது. ஆனால் மறுநாள் படம் மாறுகிறது. போகவா வேண்டாமா என்று நான் நின்றதை அவள் பார்த்துவிட்டாள்.

"போயிட்டு வா. ஒரு சீனும் விடாமப் பாத்துட்டு வா."

இதற்குத்தான் காத்திருந்தவள் மாதிரி ஓடினேன்.

படம் அபாரம். கதாநாயகன் காதலியின் வீட்டில் செவிடனாக நடித்து வேலைக்குச் சேர்கிறான். அவளுடைய அப்பா அவன் எதிரிலேயே ரகசியமெல்லாம் பேசித் தொலைக்கிறார். நானும் ஆபீஸ் தோழி ஸ்டெல்லாவும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தோம். ரீல் முடிந்தது. திரை வெள்ளையானது. எழுத்து வந்தது. 'ஸ்ரீரங்கம், ஒர்க்ஷாப் கிளார்க் தங்கவேலு மகள் உடனே வெளியே வரவும்.'

அப்பா பெயர்! கண்டுபிடித்துவிட்டார், வாசலில் நிற்கிறார், ஊர் பார்க்க இழுத்துக்கொண்டு போவார், வேலைக்கும் முழுக்கு. இதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஏறவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டேன். அடுத்த ரீல் முடிந்ததும் மறுபடி அதே வரி, கீழே 'அவசரம்'. என்னவென்றுதான் போய்ப் பாரேன் என்று ஸ்டெல்லா இடுப்பில் இடித்தாள்.

"எப்படியும் அடி உண்டு. படத்தைப் பாத்துட்டே வாங்கிக்கறேன்" என்றேன்.

செவிடாக நடிப்பதில் கதாநாயகனையே மிஞ்சிவிட்டேன், போங்கள். பயத்தோடு பயமாகச் சிரிக்கவும் செய்தேன். அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

படம் விட்டு வெளியே வந்தால் அப்பா இல்லை. எதிர்வீட்டுச் சம்பந்தம் மாமா சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். சட்டையெல்லாம் வியர்வை.

"அம்மாதாம்மா தியேட்டர் பேரைச் சொல்லி அனுப்பினாங்க. நான் கிளம்பறப்ப பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. வயசுப் பொண்ணு பேரைத் திரையில போடக் கூடாதேன்னு அப்பா பேரைப் போடச் சொன்னேன்."

காவிரிப் பாலத்தை எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மாவுக்கு வலப்பக்கம் முழுவதும் விழுந்து, வாய் கோணியிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றாள். காற்றுதான் வந்தது. அரை மணிக்கு முன்புவரை என் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாளாம், மாமாவின் மனைவி சொன்னார். பொன்மலைக்கு ஆள் அனுப்பச் சொல்லவில்லையாம். என்னைத்தான் கேட்டிருக்கிறாள். முதல் ஸ்லைடுக்கே எழுந்திருந்தால் அவள் சொல்ல வந்ததைக் கேட்டிருப்பேன்.

அதன்பிறகு மூன்று வருஷம் இருந்தாள். பேச்சு வரவேயில்லை. சாயங்காலம், அப்பா வருவதற்குள், இடது கையால் என் முந்தானையை இழுப்பாள். கதை வேண்டுமாம். அந்தப் படத்தையே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பாதி வாயால் சிரிப்பாள். ஸ்லைடு வந்த இடத்தை மட்டும் தாண்டிவிடுவேன். எதற்கம்மா கூப்பிட்டாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. தடுப்புச் சுவரும் இல்லை, கரிக் கண்ணாடியும் இல்லை. அவசரம் என்றால் அவரவர் மடியில் போன் அதிர்கிறது. என் போன் அதிகம் அதிர்வதில்லை. இன்றைக்கு யார் பெயரைப் போட்டாலும் சரி, ஊரே திரும்பிப் பார்க்கட்டும், முதல் எழுத்திலேயே எழுந்து ஓடிவிடுவேன். கூப்பிடத்தான் ஆளில்லை.