நாஸ்தாவுக்கு அப்புறம் போடவேண்டிய மாத்திரை

சதுரங்கப்பட்டினத்தில் ஐஸ் பாய் என்றால் நூர்முகமதுதான். விடிந்தால் லோடு ஆட்டோவில் ஐஸ் பாரை ஏற்றிக்கொண்டு கரையோரத்து மீன் ஏலக் கொட்டகைகளுக்குப் போட்டுவிட்டு வருவார். பேச்சு கறார், வண்டி ஓட்டுவது அதைவிடக் கறார். பி.பி. அவரை ரொம்ப நாளாகவே பிடித்து ஆட்டுகிறது. அது போதாதென்று கண்ணில் கிளாக்கோமாவும் வந்தது. பார்வையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வருகிற நோய். அரித்தது அரித்ததுதான், திரும்ப வராது.

ரமலான் பாதியில் ஒருநாள், கொட்டகை வாசலில் இருந்த சிமெண்ட் தூணில் வண்டியின் இடப்பக்கத்தை இழுத்துவிட்டார்.

"தூணு எங்கேர்ந்துடா வந்துச்சு?" என்று இறங்கினார்.

ஏலம் போடுகிற கங்காதரன் சிரித்தான். "நடந்தா வந்துச்சு? எங்கப்பன் காலத்துலேர்ந்து அங்கியேதான் கீது, பாய்."

நூர்முகமதுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பக்கம் கண் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டார். கண் போனால் ஸ்டியரிங் போச்சு, ஸ்டியரிங் போனால் தான் எதற்கு என்று உள்ளுக்குள் ஓடியது. வீட்டில் மூச்சு விடவில்லை. கங்காதரன்தான் அவர் மனைவி ரோஷன் பீவியிடம் போட்டு உடைத்தான். மறுநாளே அந்த அம்மா புருஷனைச் செங்கல்பட்டு கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணில் மருந்து விட்டால் பார்வை மங்கும் என்று, திரும்பி வரும்போது வண்டியை ஓட்டக் கங்காதரனும் கூட வந்தான்.

அங்கே ஒரு கண்ணை மூடி, முகவாயை மிஷினில் வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். புள்ளி வரும், அமுக்குவார். அப்புறம் ஒன்றுமே வராது. வரவில்லையா, வந்தும் தெரியவில்லையா? அந்த இடைவெளியில் மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது.

அடுத்து, கண் பாப்பா விரிய மருந்து விடவேண்டும் என்று நர்ஸ் வந்தாள். "நோன்பு வச்சிகினு கீறேன்மா" என்று முகத்தைத் திருப்பினார்.

"பள்ளிவாசல் ஹஸ்ரத்தக் கேட்டாச்சு, முறியாதுன்ட்டாரு. வாய மூடிகினு கண்ணத் தொறங்க" என்றாள் ரோஷன் பீவி. திறந்தார்.

டாக்டர் ஜெபா கண்ணைப் பார்த்து முடித்து, பி.பி.யும் பார்த்தார். "இறங்கியில்ல இருக்கு? தலை சுத்துதா?"

"அதெல்லாம் இல்ல."

"இன்னா இல்ல? விடியறதுக்கு முன்ன ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்தா கதவு நெலயப் புடிச்சிகினு நிக்கிறாரு. கேட்டா தூக்கக் கலக்கம்ன்றாரு" என்றாள் ரோஷன் பீவி.

"பி.பி. மாத்திரை எப்பப்போ போடுறீங்க?"

"காலைல நாஸ்தாவுக்கு அப்புறம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு மருந்துக் கடையில சொன்னாங்க. நோன்புல ஏதும்மா நாஸ்தா? அதான் ரெண்டயும் ஒண்ணா நோன்புக் கஞ்சி குடிச்சதும் போட்டுர்றேன்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தூங்கும்போது பி.பி. தானாவே இறங்கும். ரெண்டு மாத்திரையும் சேர்ந்தா அதளபாதாளத்துக்குப் போயிடும். கண் நரம்புக்கு ரத்தம் பத்தாது. நீங்க நோன்பைக் காப்பாத்துறதா நினைச்சு, கண்ணோட சோத்துல மண்ணைப் போட்டிருக்கீங்க."

நூர்முகமது முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அப்போ... போச்சாம்மா?"

டாக்டர் போன வருஷத்து டெஸ்ட் தாளையும் இன்றைய தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "போகல. அப்படியே இருக்கு. தூணுல இடிச்சது தலை சுத்தலாலதான் இருக்கும். இப்படியே விட்டிருந்தா அடுத்த தடவை இதைச் சொல்லியிருக்க மாட்டேன்."

"மிஷின்ல பாதி நேரம் ஒண்ணுமே தெரியலியே?"

"அது யாருக்கும் தெரியாது. மங்கலான புள்ளியும் காட்டித்தான் டெஸ்ட் பண்ணும்."

பி.பி. டாக்டருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, "ஒண்ணு ஸஹர் சாப்பாட்டோட, ஒண்ணு நோன்பு திறந்ததும். நீங்களா நிறுத்தவும் கூடாது, சேர்க்கவும் கூடாது" என்றார்.

"தலை சுத்தல் நின்னா வண்டி எடுக்கலாமா?"

"நின்னா எடுங்க."

வெளியே வந்ததும் நூர்முகமது, "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரே ஒரு தரம்தான் சொன்னார். உடனே கங்காதரனைப் பார்த்து, "இன்னா மச்சான் பல்லக் காட்ற? கியர உடைக்காம ஓட்டு" என்று ஏறினார்.

வண்டி செங்கல்பட்டைத் தாண்டவில்லை, மனைவி தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். தூணில் இடித்ததிலிருந்து தூங்காத தூக்கம். திருக்கழுக்குன்றம் திருப்பத்தில் எதிரே மாடு வந்தது. கங்காதரன் ஹாரனில் கை வைத்தான்.

"அடிக்காதண்ணே" என்றாள் ரோஷன் பீவி. "முழிச்சிகினா உன்ன ஓட்ட வுடமாட்டாரு."

மாடு நிதானமாகக் கடக்கிற வரைக்கும் வண்டி சத்தமில்லாமல் நின்றது.